மஞ்சள் போட்டா செல் பச்சையா ஒளிருது: ஆர்ஓஎஸ்னு எழுதலாமா?

கேட்டவர், ஜூன் 14, 2025, மாலை

அக்கா, கோபி பக்கத்துக்காரனுங்க. பிஎச்.டி. இரண்டாம் வருஷம். ஈரோட்டில் வாங்கின விரலி மஞ்சளை எத்தனாலில் ஊறவச்சுச் சாறெடுத்து எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுசெல்லுக்குப் போட்டேன். ஆர்ஓஎஸ்ங்கிற வீரியமான ஆக்சிஜன் பொருள்கள் இருந்தா பச்சையா ஒளிரும்னு சொல்ற டிசிஎஃப்டிஏ சாயத்தை வச்சு, ஒளியை அளக்கிற பிளேட் ரீடரில் பார்த்தா டோஸ் ஏற ஏறப் பச்சை ஏறுது. அதிக டோஸில் கன்ட்ரோலைவிட நாலு மடங்கு. செல்லும் சாகுது. மஞ்சள் ஆர்ஓஎஸ் உண்டாக்கித்தான் புற்றுசெல்லைக் கொல்லுதுன்னு கட்டுரை எழுதிட்டிருக்கோம். கைடு நல்லா வந்திருக்குன்னு சொல்றாருங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க.

அக்கா பதில், ஜூன் 14, இரவு 9.40

அனுப்பாதீங்க தம்பி. டிசிஎஃப்டிஏ போடாம வெறும் மஞ்சள் சாறு மட்டும் போட்ட வெல் ஒன்னாச்சும் அந்த பிளேட்டில் இருந்துச்சுங்களா? அதை முதல்ல சொல்லுங்க.

ஜூன் 14, இரவு 11.15

படுத்தும் தூக்கம் வரலை, எழுதிடறேன்.

மஞ்சளே ஒளிரும். அதனாலதான் அப்படிக் கேட்டேன். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சிட்டிகை மஞ்சத்தூளைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கலக்கி அஞ்சு நிமிஷம் வச்சீங்கன்னா தூள் அடியில் தங்கிடும், மேலே தெளிவா மஞ்சத்தண்ணி நிற்கும். விளக்கை அணைச்சிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கிற யூவி டார்ச்சை அதில் அடிங்க. கிளாஸ் முழுக்க எலுமிச்சைப் பச்சையில் எரியும். அங்க செல்லும் இல்லை, டிசிஎஃப்டிஏவும் இல்லை. அது மஞ்சளோட நிறப்பொருளான குர்குமினோட சொந்த ஒளி.

குர்குமின் ஒளியை அதிகமா வாங்குறது 425 நானோமீட்டர் வாக்கில். ஆனா அதோட வால் 480 தாண்டியும் நீளும். வெளிவிடுறது 500லிருந்து 550 வரைக்கும் பரவும். உங்க ரீடரில் டிசிஎஃப்டிஏக்கு என்ன செட்டிங்? 485இல் தூண்டி 530இல் படிக்கும். அதே ஜன்னல்தான். அந்தக் கருவிக்கு டிசிஎஃப்டிஏவிலிருந்து வர்ற டிசிஎஃப் வேற, குர்குமின் வேறன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. டோஸ் ஏறினா மஞ்சள் ஏறும், மஞ்சள் ஏறினா பச்சை ஏறும். உங்க கிராஃப் அதை மட்டும் காட்டுதோன்னுதான் எனக்கு வெசனம்.

கழுவிட்டோமேன்னு சொல்வீங்க. குர்குமினுக்குத் தண்ணி ஆகாது, கொழுப்புதான் பிடிக்கும். செல் சவ்வில் ஒட்டிக்கிச்சுன்னா மூணு தடவை பிபிஎஸ் உப்புக்கரைசல் ஊத்தினாலும் போகாது. அம்மா மஞ்சள் அரைச்ச கை நாளெல்லாம் மஞ்சளாவே இருக்கும், பார்த்திருப்பீங்க.

ஜூன் 15, ஞாயிறு காலை

டிசிஎஃப்டிஏ எப்படி வேலை செய்யுதுன்னு இன்னொருத்தர் கேட்டிருக்காங்க. அடிப்படையிலிருந்து சொல்லிடறேன்.

ஃப்ளூரசீன் பழைய சாயம். 1871இல் அடால்ஃப் ஃபான் பேயர் செஞ்சது. அதில் ரெண்டு குளோரின் வச்சு, ஹைட்ரஜன் ஏத்தி ஒளி வராம அடக்கி, மேலே ரெண்டு அசிட்டேட் மூடி போட்டதுதான் டிசிஎஃப்டிஏ. மூடி இருக்கிறவரைக்கும் செல் சவ்வைத் தாண்டி சுலபமா உள்ளே போயிடும். உள்ளே எஸ்டரேஸ் என்ற என்சைம் மூடியைக் கழட்டிடும். கழட்டினதும் அதுக்குப் பேரு டிசிஎஃப்ஹெச், மின்சுமை வந்துடும், வெளியே வர்றது கஷ்டம். ஹைட்ரஜன் பெராக்சைடு வந்து தொட்டதும் அது டிசிஎஃப்பா மாறிப் பச்சையா ஒளிரும். பெராக்சைடு எவ்வளவோ அவ்வளவு பச்சை. 1965இல் கெஸ்டனும் பிராண்டும் பெராக்சைடை அளக்கிறதுக்குத்தான் இந்த முறையைக் கொண்டுவந்தாங்க.

மூடி கழட்டுற எஸ்டரேஸ் சீரத்திலும் இருக்கு. அதனால சீரம் கலந்த மீடியத்தில் (செல் வளர்க்கிற திரவம்) ப்ரோப் போடாதீங்க, ப்ரோப்னா டிசிஎஃப்டிஏ மாதிரி துப்புக் காட்டற பொருள். வெளியிலேயே மூடி கழண்டு, உள்ளே போக வேண்டியது வெளியே நின்னுடும்.

ஜூன் 16, மதியம்

நேத்து எழுதினதில் ஒரு வரி தப்பு, சின்னத் தப்பும் இல்லை. "ஹைட்ரஜன் பெராக்சைடு வந்து தொட்டதும்"னு எழுதியிருந்தேன். பெராக்சைடு தனியா அதைத் தொட்டா ஒன்னும் ஆகாது. ரெண்டையும் சுத்தமான பஃபரில் ஒட்டுக்கா வச்சா மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். நடுவில் ஒரு தரகர் வேணும். இரும்பு அயனியோ, ஹீம்ங்கிற இரும்புத் தொகுதி உள்ள புரதமோ, பெராக்சிடேஸ் என்சைமோ இருந்தாத்தான் வேலை நடக்கும். கெஸ்டன், பிராண்ட் முறையிலும் பெராக்சிடேஸ் சேர்த்திருந்தாங்க. அதை விட்டுட்டு எழுதிட்டேன்.

தரகர் இல்லாம வியாபாரம் நடக்காதுன்னா, பச்சை ஏறினதுக்குத் தரகர் கூடினதும் காரணமா இருக்கலாம். பெராக்சைடு துளிகூட ஏறாம, செல்லுக்குள்ள விடுபட்ட இரும்பு கூடினாலும் பச்சை ஏறும். செல் சாக ஆரம்பிச்சா மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியே வரும். அது ஹீம் புரதம், டிசிஎஃப்ஹெச்சை நல்லாவே ஆக்சிஜனேற்றும். அப்போ பச்சை ஏறினதால செல் செத்துச்சா, செல் சாகப் போய்ப் பச்சை ஏறினதா? உங்க கட்டுரைத் தலைப்பே இந்த இடத்தில்தான் நிக்குது.

"பெராக்சைடு எவ்வளவோ அவ்வளவு பச்சை"ன்னதும் சரியில்லை. டிசிஎஃப்ஹெச் ஆக்சிஜனேறும்போது நடுவில் ஒரு ரேடிக்கல் வருது. அது ஆக்சிஜனோட சேர்ந்து சூப்பராக்சைடுங்கிற ஆர்ஓஎஸ்ஸை உண்டாக்கும், சூப்பராக்சைடு பெராக்சைடா மாறும், அந்தப் பெராக்சைடு மறுபடி ப்ரோப்பைப் பச்சையாக்கும். அளக்கப் போன தராசே எடையைக் கூட்டுது.

மன்னிச்சுக்குங்க. பழக்கத்தில் வந்த வரி. நான் படிச்ச காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க, நானும் பல பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கேன்.

ஜூன் 19, இரவு

2011இல் எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

அப்போ ஆவாரம்பூச் சாறு, ஹெப்ஜி2 கல்லீரல் செல். பிளேட் ரீடர் கிடையாது, மைக்ரோஸ்கோப்தான். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு ரூம், மெர்குரி விளக்கு. கரண்ட் போயிட்டா விளக்கு ஆறுறதுக்கு அரைமணி நேரம் காத்திருந்துதான் மறுபடி போடணும். அந்த வருஷம் கரண்ட் எத்தனை தடவை போச்சுன்னு கோயமுத்தூர்க்காரங்களைக் கேட்டா சொல்வாங்க. அதனால விளக்கு எரியும்போதே எல்லாத்தையும் பார்த்துடணும்னு ஒரே இடத்தில் ஃபோகஸ் வச்சு, படம் எடுத்து, திருப்பி ஃபோகஸ் பண்ணி, திருப்பிப் படம் எடுப்பேன். ஆவாரம்பூ போட்ட செல்லெல்லாம் அருமையா ஒளிரும். கன்ட்ரோல் மங்கலா இருக்கும். நாலு மாசம் இப்படியே எடுத்தேன்.

ஒரு நாள் 40எக்ஸில் பார்த்துட்டிருந்தவ, வேற எதையோ தேட 10எக்ஸ் லென்ஸுக்கு மாத்தினேன். மங்கலான செல் கூட்டத்துக்கு நடுவில், காம்பஸ் வச்சு வரைஞ்ச மாதிரி ஒரு பச்சை வட்டம். வட்டத்துக்குள்ள இருக்கிற செல்லெல்லாம் எரியுது, விளிம்பைத் தாண்டினா ஒன்னுமே இல்லை. ஒரு செல்லின் குறுக்காலயே கோடு போயிருந்துச்சு, பாதி பச்சை, பாதி இருட்டு. 40எக்ஸில் என் விளக்கு விழுந்திருந்த இடம் அந்த வட்டம்.

நீல வெளிச்சம் பட்டாலே டிசிஎஃப்ஹெச் தானா ஆக்சிஜனேறும். நான் பார்க்கப் பார்க்க அதிகமாச்சுன்னா, பார்த்ததாலதான் அதிகமாச்சு. கன்ட்ரோல் மங்கலா இருந்ததுக்கும் காரணம் இருந்துச்சு. அதில் சுவாரசியம் இல்லைன்னு சீக்கிரம் படம் எடுத்துட்டுப் போயிருவேன். ஆவாரம்பூ செல்லை ஆசையா நின்னு பார்ப்பேன்.

கைடுகிட்ட சொல்றதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. அதில் ஒரு படம் அதுக்குள்ள ஒரு போஸ்டரில் போயிருந்துச்சு. நாலு மாச வேலையை எடுத்து ஒரு ஃபைலில் போட்டு, மேலே "வெளிச்சம்"னு எழுதி வச்சேன். இன்னும் வீட்டில் இருக்கு.

அதனால தம்பி, ப்ரோப் போட்டதிலிருந்து ரூம் விளக்கை அணைச்சிருங்க. பிளேட்டை அலுமினிய ஃபாயிலில் சுத்துங்க. மைக்ரோஸ்கோப்னா ஃபோகஸை ஒரு இடத்தில் பார்த்துக்கிட்டு, படத்தைப் பக்கத்தில் வெளிச்சம் படாத இடத்தில் எடுங்க. எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம், ஒரே வெளிச்சம். மஞ்சளுக்கு இது ரெட்டை எச்சரிக்கை, ஏன்னா குர்குமின் மேல வெளிச்சம் பட்டா அதுவே சிங்லெட் ஆக்சிஜன்ங்கிற இன்னொரு ஆர்ஓஎஸ்ஸை உண்டாக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

கோபித் தம்பி பதில் போட்டிருக்கார். முந்தாநாள் பிளேட்டில் ப்ரோப் இல்லாம சாறு மட்டும் போட்ட வெல்லும் வச்சிருக்கார். அதிக டோஸில் வந்த பச்சையில் பெரும்பகுதி அந்த வெல்லிலேயே வந்துடுச்சாம். நேர்மையா எழுதியிருக்கீங்க, எனக்கு மனசு நிறைஞ்சுது.

"அப்போ அதைக் கழிச்சிட்டு மிச்சத்தை ஆர்ஓஎஸ்னு போட்டுக்கலாமுங்களா?"ன்னு கேட்டிருக்கார். கழிக்கறது சுலபமா இருந்தா நானே சொல்லியிருப்பேன். குர்குமின் அசையாம நிற்கிற பொருள் இல்லை. பிஹெச் 7.2 பஃபரில் 37 டிகிரியில் வச்சா அரைமணி நேரத்தில் 90 சதவீதம் சிதைஞ்சிடும்னு 1997லேயே அளந்திருக்காங்க. சீரம் இருந்தா மெதுவாச் சிதையும். நீங்க ப்ரோப்புக்காகச் சீரத்தை எடுத்துட்டீங்க, அதனால மஞ்சள் இன்னும் வேகமாப் போகுது. அதோட குர்குமின் 485 வெளிச்சத்தில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கும்போது டிசிஎஃப்புக்குப் போக வேண்டியதும் குறையுது. ஒரு பக்கம் கூட்டுது, இன்னொரு பக்கம் மறைக்குது. இதில் எதைக் கழிப்பீங்க?

அடுத்து என்ஏசி, ஆர்ஓஎஸ்ஸை அடக்கும்னு எல்லாரும் போடற மருந்து. "என்ஏசி போட்டா செல் பிழைச்சுக்குது, அதனால ஆர்ஓஎஸ்தான்"னு எழுதியிருக்கீங்க. என்ஏசி பெராக்சைடோட ரொம்ப மெதுவாத்தான் வினை புரியும். ஆனா அதில் தயால்ங்கிற கந்தகத் தொகுதி இருக்கு, குர்குமினில் தயாலைப் பிடிச்சுக்கிற இடம் இருக்கு. ரெண்டும் மீடியத்திலேயே நேரா ஒட்டிக்கலாம். அப்படின்னா செல்லுக்குப் போற மஞ்சளே குறைஞ்சிருக்கும், ஆர்ஓஎஸ் குறைஞ்சதுன்னு எப்படிச் சொல்றது? என்ஏசி அமிலமும்கூட. நடுநிலையாக்காம ஊத்தினா மீடியம் நிறமே மாறிடும், அதையும் கவனிங்க.

ஜூன் 28, சனி

திருப்பூர் போயிருந்தேன். சித்தப்பா முப்பது வருஷமா சாயப்பட்டறை. சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருந்தப்போ இந்த இழையை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். "பெராக்சைடா? என்கிட்ட கேளு கண்ணு"ன்னார்.

பனியன் துணியை வெளுக்கறதுக்குப் பட்டறையில் பெராக்சைடுதான். 50 சதவீதம் கேனில் வரும். காஸ்டிக் போட்டு, கொதிநிலைக்குக் கிட்ட சூடு வச்சு ஓட்டுவாங்க. வெளுத்து முடிச்சதும் துணியில் துளி பெராக்சைடு தங்கினாலும் ரியாக்டிவ் சாயம் கெட்டுப்போகும், ஷேடு வராது, திட்டுத்திட்டா நிக்கும். அதனால சாயத்துக்கு முன்னாடி ஒரு என்சைம் போடறாங்க. பட்டறையில் அதுக்குப் பேரு பெராக்சைடு கில்லர். அப்புறம் ஒரு ஸ்ட்ரிப்பை நனைச்சுப் பார்ப்பாங்க. நீலம் வந்தா இன்னும் மிச்சம் இருக்கு.

அந்தக் கில்லர் கேட்டலேஸ். நம்ம கல்லீரலில் இருக்கிற அதே வேலைக்காரன், பெராக்சைடைத் தண்ணியும் ஆக்சிஜனுமா உடைக்கறது. ஸ்ட்ரிப்பில் என்ன இருக்கும்? ஒரு சாயமும் பெராக்சிடேஸும். 16ஆம் தேதி நான் தரகர்னு சொன்னேனே, அவரேதான். சித்தப்பாவுக்கு இதைச் சொன்னதும் ஸ்ட்ரிப் டப்பாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்துட்டார்.

அவர் சொன்ன ஒரு விஷயத்தைத்தான் நாம செல்லில் செய்ய மறந்துடறோம். "நீலம் வந்தா பெராக்சைடுன்னு நம்பமாட்டேன் கண்ணு. சந்தேகம்னா கில்லர் போட்டு மறுபடி நனைப்பேன். நீலம் போச்சுன்னா பெராக்சைடு. போகலைன்னா வேற ஏதோ கலந்திருக்கு."

கேட்டலேஸ் கன்ட்ரோல்னா அதுதானுங்க. மீடியத்தில் கேட்டலேஸ் போட்ட வெல் ஒன்னு, கொதிக்க வச்சுக் கொன்ன கேட்டலேஸ் போட்ட வெல் ஒன்னு. கேட்டலேஸ் பெரிய புரதம், செல்லுக்குள்ள போகாது. போட்டதும் ஒளி விழுந்துச்சுன்னா, பெராக்சைடு வெளியே மீடியத்தில் உண்டாகி உள்ளே போயிருக்கு. விழலைன்னா உள்ளே உண்டானதா இருக்கலாம், பெராக்சைடாவே இல்லாமலும் இருக்கலாம்.

ஜூன் 28, தொடர்ச்சி

வால்பாறையிலிருந்து ஒரு பொண்ணு கேட்டிருக்கு: "பச்சைத் தேயிலைச் சாறு போட்டாலும் இப்படித்தான் ஏறுதுங்க்கா, தேயிலை ஒளிராதே?" உங்களுக்குத்தான் அம்மணி கேட்டலேஸ் முதல்ல வேணும். தேயிலையின் கேட்டகின், நெல்லிக்காயின் காலிக் அமிலம் மாதிரி பாலிஃபினால்கள் டிஎம்இஎம் மீடியத்தில் தானாவே ஆக்சிஜனேறிப் பெராக்சைடை உண்டாக்கும். 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே ஹாலிவெல் குழு அளந்து சொன்னது. செல்லே இல்லாத பிளேட்டில் தேயிலையை மட்டும் மீடியத்தில் போட்டுப் பாருங்க. மீடியத்தில் பைருவேட் இருக்கான்னும் பாருங்க, அது பெராக்சைடைத் தின்னுடும். ஒரே சாறுக்கு ரெண்டு லேப்பில் ரெண்டு விடை வர்றதுக்கு இது ஒரு காரணம்.

இன்னொரு அளவு மனசில் நிக்கட்டும். சித்தப்பா கேனில் இருக்கிறது சுமார் 17 மோலார். நல்லா இருக்கிற செல்லுக்குள்ள பெராக்சைடு 1லிருந்து 10 நானோமோலார் வாக்கில். நூறு கோடி மடங்குக்கும் மேல வித்தியாசம். அவ்வளவு கொஞ்சத்தை ஒரு சாயத்தை வச்சுத் தேடறோம்.

ஜூலை 6

நாமக்கல்லிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்கிறவர், கோழி ரத்தத்தில் வேலை பண்றவர், ரெண்டு கேள்வி போட்டிருக்கார்.

முதல் கேள்வி, டைஹைட்ரோஎத்திடியம்ங்கிற ப்ரோப் பத்தி. "சிவப்பு வந்தா சூப்பராக்சைடுதானுங்க?" பாதி சரி. அது சூப்பராக்சைடோட சேர்ந்தா 2-ஹைட்ராக்சிஎத்திடியம் வரும். வேற எதோட ஆக்சிஜனேறினாலும் எத்திடியம் வரும். ரெண்டும் சிவப்பு, ரெண்டும் டிஎன்ஏவில் ஒட்டும். மைக்ரோஸ்கோப்பில் பிரிக்க முடியாது. கலவையைப் பிரிச்சுக் காட்டற ஹெச்பிஎல்சி கருவியில் ஓட்டினாத்தான் ரெண்டு சிகரமாத் தெரியும். இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டினதில் முக்கியமானவர் அமெரிக்காவில் மில்வாக்கியில் இருக்கிற பாலராமன் கல்யாணராமன். மைட்டோசாக்ஸ்ங்கிற ப்ரோப்பும் இதே பொருள்தான், மைட்டோகாண்ட்ரியாவுக்கு இழுத்துட்டுப் போற வால் ஒன்னு கூட இருக்கு, அவ்வளவுதான். எச்சாப் போட்டீங்கன்னா நியூக்ளியஸுக்குப் போய் அங்க சிவக்கும். நியூக்ளியஸ் சிவப்பா இருக்கிற படத்தைப் போட்டு "மைட்டோகாண்ட்ரியல் சூப்பராக்சைடு"ன்னு எழுதினதை நான் ரெவ்யூ பண்ணியிருக்கேன். ஹெச்பிஎல்சி இருக்கிற இடத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறிப் போறது நல்லது.

ரெண்டாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. மனுஷ ரத்தத்தின் வெள்ளை அணுவான நியூட்ரோஃபிலையும் கோழியில் அதே வேலை பார்க்கிற ஹெட்டிரோஃபிலையும் டிசிஎஃப்டிஏ வச்சு ஒப்பிடலாமான்னு. வேண்டாமுங்க. கோழி ஹெட்டிரோஃபிலில் மைலோபெராக்சிடேஸ்ங்கிற பெராக்சிடேஸ் கிடையாது. மனுஷ செல்லில் அது ஏராளம். அதாவது தரகர் ஒரு பக்கம் இருக்கார், இன்னொரு பக்கம் இல்லை. கோழிச் செல்லில் பச்சை கம்மியா வந்தா, "கோழி கம்மியாத்தான் பெராக்சைடு பண்ணுது"ன்னு படிச்சிருவீங்க. கோழியைக் கோழியோட மட்டும் ஒப்பிடுங்க.

ஜூலை 13, ஞாயிறு இரவு

தங்கச்சி மகளுக்குச் சீர். ஆரத்தி கரைச்சு வச்சிருந்தாங்க. பெரியவன் தட்டைப் பார்த்துட்டு "குங்குமம் போட்டிருக்காங்களா?"ன்னான். மஞ்சத்தண்ணியில் துளி சுண்ணாம்பை விரலில் எடுத்துக் கலக்கிக் காட்டினேன். விரல் தொட்ட இடத்தில் செம்மண் மாதிரி ஒரு கீற்று சுத்திட்டுப் போய், அப்புறம் தண்ணி முழுக்கச் சிவந்துடுச்சு. நிறம் மாறினது காரத்தால. வேற எந்தப் பொருளும் வரலை.

அங்க உட்கார்ந்தே ஹைப்பர்ங்கிற புரத ப்ரோப் ஞாபகம் வந்துச்சு. யாரோ கேட்டிருந்தீங்க, சாயமே வேண்டாம்னு புரத ப்ரோப் வச்சா என்னன்னு. 2006இல் பெலோசோவ் குழு ரஷ்யாவில் செஞ்சது. பாக்டீரியா பெராக்சைடை மோப்பம் பிடிக்கிற ஆக்ஸிஆர் புரதத்தையும் ஒளிரும் மஞ்சள் புரதத்தையும் ஒன்னாத் தைச்சாங்க. செல்லே அதைத் தயாரிச்சுக்கும். ரெண்டு நிற வெளிச்சத்தில் தூண்டி விகிதம் பார்க்கறதால, ஒரு செல்லில் புரதம் கம்மி இன்னொன்னில் அதிகம்ங்கிற தொல்லை இல்லை. ஆனா அந்த முதல் ஹைப்பருக்கு ஆரத்தித் தட்டோட குணம். பிஹெச் ஏறினாலும் பெராக்சைடு ஏறின மாதிரியே காட்டும். அதுக்குத்தான் ஸைப்ஹெர்னு ஒரு ஜோடி வச்சாங்க: ஒரு சிஸ்டீனை மாத்திட்டதால பெராக்சைடு தெரியாது, பிஹெச் மட்டும் தெரியும். 2020இல் வந்த ஹைப்பர்7இல் அந்தத் தொல்லை பெரிசா இல்லை. 2009இல் வந்த ஆர்ஓஜிஎஃப்பி2-ஆர்ப்1 இன்னொரு நல்ல வழி. இதைச் செல்லுக்குள்ள ஏத்தற டிஎன்ஏ வளையம், அதாவது பிளாஸ்மிட், அட்ஜீன்ங்கிற பிளாஸ்மிட் வங்கியில் கிடைக்கும்.

கோபித் தம்பி, உங்களுக்கு நான் சொல்றது ஹைப்பர்7. கோயமுத்தூரில் பிளாஸ்மிட்டைச் செல்லுக்குள்ள ஏத்தற டிரான்ஸ்ஃபெக்ஷன் வசதி இருக்கிற லேப்பில் கேட்டுப் பாருங்க.

ஜூலை 14, காலை 6.10

வெள்ளென எழுந்து இதை எழுதறேன். தம்பி, நேத்துச் சொன்ன கடைசி வரியை விட்டுடுங்க. ஹைப்பர்7ஐத் தூண்டறது ரெண்டு அலைநீளத்தில், அதில் ஒன்னு 400லிருந்து 420 பக்கம். குர்குமினுக்கு உச்சமே 425. உங்க மஞ்சள் அந்த விகிதத்தில் ஒரு காலை இழுத்துடும். டிசிஎஃப்டிஏவைவிட இங்க இன்னும் மோசம். தேயிலைக்குச் சரி, கோழிக்குச் சரி, மஞ்சளுக்கு ஆகாது. ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் வச்சுக்கிட்டே மஞ்சளை மறந்துட்டேன்.

ஆம்ப்ளெக்ஸ் ரெட்ங்கிற ப்ரோப்பையும் யோசிச்சேன். அது 570இல் தூண்டறது, மஞ்சள் அங்க வராது. ஆனா அதுக்கும் பெராக்சிடேஸ் வேணும், பாலிஃபினால் அந்தப் பெராக்சிடேஸுக்குத் தானும் தீனியாப் போய் நிக்கும். போரோனேட் ப்ரோப், 2004இல் கிறிஸ்டோஃபர் சாங் குழு கொண்டுவந்தது, வேதியியல் சுத்தம். ஆனா பெராக்சிநைட்ரைட்ங்கிற வேற பொருள் வந்தா பெராக்சைடைவிடப் பத்து லட்சம் மடங்கு வேகமா அதோட வினை புரியும்.

சித்த நேரம் யோசிச்சுச் சொல்றேன்.

ஜூலை 20

ஒரு வாரமா இதே ரோசனை. மேலே எழுதினதெல்லாம் திருப்பிப் படிச்சேன், டிசிஎஃப்டிஏவைத் தூக்கிக் குப்பையில் போடச் சொன்ன மாதிரி இருக்கு. அது நியாயமில்லை. நம்ம பக்கத்துக் காலேஜ் லேப்பில் ஒரு பிளேட் ரீடரும் ஒரு சின்ன பாட்டில் ப்ரோப்பும்தான் இருக்கும், அதை வச்சு நேர்மையா வேலை செய்யறவங்க நிறைய. ஒளிராத ஒரு மருந்தோட, இருட்டில், கேட்டலேஸோட, செல் எண்ணிக்கையைச் சரிபார்த்து, செல் சாகறதுக்கு முன்னாடி அளந்தா அது ஒரு துப்பு கொடுக்கும். கட்டுரையில் "ஆர்ஓஎஸ் அளவு"ன்னு எழுதாம "டிசிஎஃப் ஒளிர்வு கூடியது"ன்னு எழுதுங்க. 2022இல் மைக்கேல் மர்ஃபியும் பல நாட்டு ஆய்வாளர்களும் நேச்சர் மெட்டபாலிசத்தில் வழிகாட்டுதல் போட்டாங்க, அவங்க கேக்கறதும் எந்த மூலக்கூறுன்னு பேர் சொல்லுங்கன்னுதான். சூப்பராக்சைடு, பெராக்சைடு, ஹைட்ராக்சில் ரேடிக்கல் மூணும் மூணு குணம். ஹைட்ராக்சில் பக்கத்தில் எது இருக்கோ அதைத் தாக்கிட்டு நானோநொடியில் போயிடும். அதைப் பிடிக்கிற ப்ரோப்னு யாராச்சும் வித்தா ரெண்டு தடவை யோசிங்க.

தம்பிக்கு வழி கிடைச்சுது, ப்ரோப்பே வேண்டாம். செல்லுக்குள்ளேயே பெராக்சைடைப் பிடிக்கிறதுக்குன்னு பெராக்சிரெடாக்சின்ங்கிற புரதம் இருக்கு. நாம போடற எந்தச் சாயத்தையும்விடப் பல லட்சம் மடங்கு வேகமாப் பிடிக்கும். பிடிச்சா ரெண்டு மூலக்கூறு ஜோடி சேர்ந்துக்கும். செல்லை உடைக்கறதுக்கு முன்னாடி என்இஎம் போட்டுத் தயாலையெல்லாம் அடைச்சிட்டு, ஜோடியைப் பிரிச்சிடற மெர்காப்டோஎத்தனால் இல்லாத ஜெல்லில் ஓட்டி, அந்தப் புரதத்தை மட்டும் பட்டையாக் காட்டற வெஸ்டர்ன் பண்ணுங்க. ஒத்தை 22 கிலோடால்டன் பக்கம் ஓடும், ஜோடி அதுக்கு மேலே தனியா நிக்கும். மஞ்சள் எவ்வளவு ஒளிர்ந்தாலும் ஜெல்லுக்கு அதைப் பத்திக் கவலை இல்லை.

ஆகஸ்ட் 3, ஆடிப்பதினெட்டு

கூடுதுறையிலிருந்து வந்து இப்பத்தான் ஃபோனைத் திறந்தேன். தம்பி வெஸ்டர்ன் படம் அனுப்பியிருக்கார்.

முதல் லேன் சும்மா செல்: கீழே தடிச்ச பட்டை, மேலே நூல் மாதிரி ஒன்னு. ரெண்டாவது பெராக்சைடு போட்டது: மேல் பட்டை நல்லாத் தடிச்சிருக்கு, அதாவது முறை வேலை செய்யுது. மஞ்சள் ஒரு மணி நேரம்: முதல் லேன் மாதிரியேதான் இருக்கு. மஞ்சள் ஆறு மணி நேரம்: மேல் பட்டை ஏறுது. ஆனா அந்த நேரத்தில் செல்லெல்லாம் உருண்டு அடியிலிருந்து விட்டுக்கிட்டு இருந்துச்சுன்னு அவரே எழுதியிருக்கார்.

கைடுகிட்ட காட்டினாராம். அவர் சித்த நேரம் பார்த்துட்டு, தலைப்பில் ஆர்ஓஎஸ்ஸைக் காரணமாச் சொன்ன "மூலம்"ங்கிற வார்த்தையை அடிச்சிட்டு, இன்னும் ரெண்டு தடவை ஓட்டுன்னு சொன்னாராம். அந்தக் கைடுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

ரெண்டாவது தடவை ஓட்டும்போது ஒரு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் ரெண்டு, மூணு, நாலு மணி லேனும் வையுங்க, கூடவே அதே நேரத்தில் எத்தனை செல் செத்துச்சுன்னு டிரிப்பன் புளூ எண்ணிக்கையும். பட்டை முதல்ல ஏறுதா, சாவு முதல்ல ஏறுதான்னு அங்கதான் தெரியும். மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பெராக்சிரெடாக்சின் 3 தனியாப் பாருங்க, நீங்க பார்த்தது 2 மட்டும். என்இஎம்மை அன்னன்னிக்குப் புதுசாக் கரைங்க, தண்ணியில் நின்னா கெட்டுடும். நாலாவது லேன் ஓரத்தில் பட்டை சாஞ்சிருக்கு, ஜெல் சூடாயிருக்கும், வோல்டேஜைக் குறைச்சு ஓட்டுங்க.